'சரிங்க டாக்டர்': கேட்பதன் அரசியல்

"போன மாசம் குடுத்த மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேங்க."

"அப்புறம் எப்படி சுகர் ஏறும்? பொய் சொல்லாத. இப்படியே போனா காலை எடுக்க வேண்டியதுதான். புரியுதா?"

"சரிங்க டாக்டர்."

ஆஸ்பத்திரி வரிசையில் நின்ற யாருக்கும் இந்தப் பேச்சு புதிதல்ல. இதில் ஒரு விசாரணை இருக்கிறது, ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது, ஒரு தண்டனை அறிவிப்பும் இருக்கிறது. இல்லாமல் போனது உரையாடல் மட்டும்தான். அந்தச் 'சரிங்க'வை டாக்டர் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார். நோயாளிக்கோ அது அறையை விட்டு வெளியேறுவதற்கான சொல். மாத்திரையை ஏன் விட்டார்? வாங்கக் காசில்லையா, சாப்பிட்டால் தலை சுற்றியதா, கிட்னி போய்விடும் என்று பக்கத்து வீட்டுக்காரர் பயமுறுத்தினாரா? எதுவும் அந்த அறைக்குள் வரவே இல்லை.

மிஷல் ஃபூக்கோ 1963இல் வெளியிட்ட 'கிளினிக்கின் பிறப்பு' நூலில், பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவில் மருத்துவரின் கேள்வி மாறிப்போனதைச் சுட்டுகிறார். 'உனக்கு என்ன?' என்ற கேள்வியின் இடத்தை 'எங்கே வலிக்கிறது?' பிடித்துக்கொண்டது. நோயாளியின் கதை பின்னுக்குப் போனது. உடல், மருத்துவப் பார்வை வாசிக்கும் பிரதியாயிற்று. இதனால் மருத்துவம் அடைந்த வெற்றிகளை மறுப்பதற்கில்லை. ஆனால் சர்க்கரை, ரத்த அழுத்தம், குடி, காசம் போன்றவற்றில் சிகிச்சையின் பெரும்பகுதி ஆஸ்பத்திரியில் நடப்பதில்லை. நோயாளியின் வீட்டில், அவர் கையால், தினந்தினம் நடக்கிறது. டாக்டரின் பார்வை அங்கே போய்ச் சேராது. பேச்சுதான் போகும். எந்தப் பேச்சை மருத்துவம் ஓரங்கட்டியதோ அதனிடமே அது திரும்பி வரவேண்டியிருக்கிறது. அப்படித் திரும்பும்போது கேட்கும் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது. 1984இல் பெக்மனும் ஃப்ராங்கலும் அமெரிக்காவில் 74 மருத்துவச் சந்திப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார்கள். நோயாளி குறையைச் சொல்லத் தொடங்கி சராசரியாக 18 வினாடிகளில் டாக்டர் குறுக்கிட்டிருந்தார்.

இந்த இடத்தில்தான் 'மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்' என்கிற ஊக்க நேர்காணலை வைத்துப் பேசவேண்டும். நியூ மெக்சிகோவைச் சேர்ந்த உளவியலாளர் வில்லியம் மில்லர் 1982இல் நார்வேயின் பெர்கன் நகருக்கு அருகிலிருந்த ஒரு சிகிச்சை நிலையத்தில் சில காலம் தங்கியிருந்தார். அங்கே இளம் உளவியலாளர்கள் குடிநோயாளிகளாக நடிப்பார்கள். மில்லர் ஆலோசகராகப் பேசிக்காட்டுவார். நடுவில் நிறுத்தி, 'ஏன் இப்படிச் சொன்னீர்கள், ஏன் வேறு மாதிரிச் சொல்லவில்லை?' என்று குடைவார்கள். பதில் சொல்லிச் சொல்லித்தான், தான் செய்துவந்தது என்ன என்பது அவருக்கே புலப்பட்டது. 1983இல் கட்டுரையாக எழுதினார். பிறகு ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து 1991இல் நூலாக்கினார். நான்காம் பதிப்பு 2023இல் வந்தது. பிறர் கேட்டதால் வெளியே வந்த முறை இது என்பதைக் குறித்துக்கொள்வோம்.

அன்றைய அமெரிக்காவில் குடி, போதைச் சிகிச்சை என்றால் மோதல்தான். 1958இல் கலிபோர்னியாவில் தொடங்கிய சினனான் அமைப்பில் ஒருவரை நடுவில் உட்காரவைத்து மற்றவர்கள் கிழித்தெடுப்பதே சிகிச்சையாக இருந்தது. 'குடிகாரன் என்றால் மறுப்பான், மறுப்பு அவன் நோயின் குணம், அதை உடைக்க வேண்டும்' என்பது அந்தச் சொல்லாடல். மில்லர் இதைத் தலைகீழாக்கினார். மறுப்பு நோயாளியின் மண்டைக்குள் இல்லை, இரண்டு பேருக்கு நடுவே உற்பத்தியாகிறது என்றார். 1993இல் அவரும் இரு சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், ஆலோசகர் எவ்வளவு மோதினாரோ அவ்வளவுக்கு ஓராண்டு கழித்து அந்த நோயாளியின் குடி அதிகமாக இருந்தது. மோசமாகக் குடிப்பவரிடம்தான் அதிகம் மோதினார்களோ என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனாலும் மோதினால் திருந்துவான் என்ற நம்பிக்கைக்கு அதில் ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

இது இயங்கும் விதம் எளிமையானது. விடவேண்டும் என்ற குரலும் விடமுடியாது என்ற குரலும் நோயாளிக்குள் ஏற்கனவே சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. டாக்டர் முதல் குரலை எடுத்துக்கொண்டால் நோயாளிக்கு மிஞ்சுவது இரண்டாவதுதான். அவர் தன் குடிக்குத் தானே வக்கீலாகிறார். வாதாட வாதாட அதை நம்பவும் தொடங்குகிறார். பிறரைத் திருத்திவிட வேண்டும் என்று டாக்டருக்குள் எழும் அரிப்பை அடக்குவதுதான் முதல் பாடம். 2013இல் வந்த மூன்றாம் பதிப்பில் 'எதிர்ப்பு' என்ற கருத்தாக்கத்தையே ஆசிரியர்கள் கைவிட்டார்கள். மாறவேண்டாம் என்று பேசுவது தயக்கத்தின் ஒரு பாதி. உறவில் விழும் விரிசல் வேறு. இரண்டையும் ஒன்றாக்கி நோயாளியின் தலையில் கட்டியதுதான் பழைய சொல் செய்த வேலை.

கற்றுத்தரும் திறன்கள் நான்கு: விரித்துச் சொல்லவிடும் கேள்வி, நோயாளியிடம் உள்ள நல்லதைக் கண்டு சொல்வது, கேட்டதைத் திருப்பிச் சொல்வது, தொகுத்துச் சொல்வது. ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். மூட்டை தூக்கும் ஒருவர் சொல்கிறார்: "விட்டுடணும்னு தெரியும் சார். ஆனா ராத்திரி படுத்தா ஒடம்பு வலி தூங்க விடாது." வழக்கமான பதில்: "தெரியுதுல்ல, அப்புறம் என்ன?" பயிற்சி பெற்றவரின் பதில்: "வலி இல்லாம தூங்கறதுக்குக் குடிதான் வழின்னு ஆயிருச்சு. ஆனாலும் விட்டுடணும்னு ஒங்களுக்குள்ள ஒண்ணு சொல்லிக்கிட்டே இருக்கு."

அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் என்ன நடந்தது என்று பாருங்கள். நோயாளி வலியில் முடித்தார். ஆலோசகர் வரிசையை மாற்றி விடுவதில் முடித்தார். தமிழில் 'ஆனா'வுக்குப் பின்னால் வருவதற்குத்தான் கனம். பேச்சு அங்கிருந்துதான் தொடரும். கேட்டுச் சொல்வது போலத் தோன்றும் இடத்தில் தேர்வு நடந்துவிட்டது. அதிகாரம் ஒளிந்திருப்பது இந்த வரிசை மாற்றத்தில்.

இந்தச் சந்தேகம் புதியதல்ல. ஊக்க நேர்காணலுக்கு மூலவேராக இருந்த கார்ல் ரோஜர்ஸ், நோயாளியை எந்தப் பக்கமும் இழுக்காத சிகிச்சையை முன்வைத்தவர். 1966இல் சார்ல்ஸ் ட்ருவாக்ஸ், ரோஜர்ஸின் சிகிச்சை ஒலிப்பதிவுகளையே ஆராய்ந்து, நோயாளி சில வகையாகப் பேசும்போது மட்டும் அவருடைய பரிவு கூடுவதைக் காட்டினார். இழுக்காத கை என்று ஒன்று இல்லை. ஃபூக்கோ 1976இல் பாவமன்னிப்பு பற்றி எழுதியது இங்கே நினைவுக்கு வரும்: பேசவைப்பதுதான் நவீன அதிகாரம், மௌனமாக்குவது மட்டுமல்ல. 'காலை எடுத்துடுவேன்' என்று மிரட்டும் டாக்டரிடமிருந்து 'சரிங்க' என்று தப்பித்துவிடலாம். நம் வாயாலேயே நம்மைச் சொல்லவைப்பவரிடமிருந்து எப்படித் தப்பிப்பது?

இத்தோடு நிறுத்திக்கொண்டு, இதுவும் அதிகாரத்தின் இன்னொரு முகமூடி என்று எழுதி முடித்துவிடலாம். நம் விமர்சனங்கள் பலவும் அப்படித்தான் முடிகின்றன. ஆனால் கால் புண்ணோடு வரிசையில் நிற்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. மேலும், இந்த முறையைக் கற்பது பற்றி நடந்த ஆய்வுகள் நம் கோட்பாட்டுக்குச் சொல்ல வேறொன்று வைத்திருக்கின்றன.

2001இல் மில்லரும் மவுண்ட்டும் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டார்கள். நன்னடத்தைக் கண்காணிப்பு போன்ற பணிகளில் இருந்த 22 பேருக்கு இரண்டு நாள் பட்டறை. முடிவில் எல்லோரும் நன்றாகக் கற்றுக்கொண்டோம் என்றார்கள். ஒலிநாடாவைப் போட்டுக் கேட்டால் மாற்றம் சொற்பம். எதிரே இருந்தவர்களின் பேச்சில் வித்தியாசமே இல்லை. தன் முறை பட்டறையில் தோற்றதை அதை உருவாக்கியவரே அச்சிட்டார் என்பது சாதாரண விஷயமல்ல. 2004இல் 140 பேரோடு நடந்த அடுத்த ஆய்வில், பட்டறைக்குப் பிறகு தங்கள் ஒலிப்பதிவின் மீது கருத்துரையோ தனிப் பயிற்சியோ பெற்றவர்களிடம்தான் திறன் நிலைத்தது.

இதன் பொருளைக் கொஞ்சம் யோசிக்கலாம். கேட்கக் கற்றுக்கொள்கிறவர் முதலில் தன் குரலைக் கேட்டாக வேண்டும். எங்கே குறுக்கிட்டேன், எத்தனை கேள்விகளை அடுக்கினேன், அவர் 'பயமா இருக்கு' என்றபோது நான் ஏன் ரிப்போர்ட்டைப் புரட்டினேன் என்று இன்னொருவர் முன்னால் பதில் சொல்ல வேண்டும். பார்த்தே பழகியவர் பார்க்கப்படுகிறார்; வாசித்தே பழகியவர் பிரதியாகிறார். இரண்டு நாள் பட்டறை தந்திரத்தைத் தரும். இந்தத் தலைகீழாக்கத்தைத் தராது. தந்திரமாக மட்டும் கற்றவரிடம்தான் ஊக்க நேர்காணல் மிரட்டலை விட நயமான மிரட்டலாகிறது.

கோவாவில் நடந்ததை இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களில் தீங்கு தரும் அளவுக்குக் குடித்த 377 ஆண்களைக் கொண்ட ஆய்வு அது. 2017இல் 'லான்செட்' இதழில் வந்தது. ஊக்க நேர்காணல் வழியில் அவர்களோடு பேசியவர்கள் மருத்துவப் பட்டம் இல்லாத உள்ளூர்க்காரர்கள். தங்கள் ஒலிப்பதிவுகளைக் கூடி உட்கார்ந்து கேட்டு மதிப்பிட்டுக்கொண்டவர்கள். மூன்று மாதம் கழித்து, இப்படிப் பேசப்பட்டவர்களில் 36 சதவீதம் பேர் அபாய அளவிலிருந்து மீண்டிருந்தார்கள். மற்றவர்களில் 26 சதவீதம். தொடர்ந்து குடித்துக்கொண்டிருந்தவர்களின் குடி அளவில் வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அற்புதமில்லை, ஆனால் கழுத்தில் ஸ்டெத் தொங்காதவரும் இதைச் செய்யமுடியும் என்று தெரிகிறது.

தமிழில் இதைக் கற்பவருக்கு நூலில் இல்லாத சில பாடங்கள் உண்டு. ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல். இங்கே 'நீ'யா 'நீங்க'ளா என்பதில் நோயாளியின் சாதி, வர்க்கம், உடை எல்லாம் முதல் வார்த்தையிலேயே எடைபோடப்படுகின்றன. இரண்டாவது, நம் 'ஆ' விகுதி. "பயமா இருக்கா?" என்றால் "இல்லீங்க" என்பதோடு பேச்சு முடியும். "பயமாத்தான் இருக்கும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தால் அவர் தொடர்வார். ஓரெழுத்துதான் விசாரணையையும் கேட்டலையும் பிரிக்கிறது. மூன்றாவது, நம் நோயாளி வாதாடுவதே இல்லை. அமெரிக்கப் பயிற்சி மறுத்துப் பேசுகிறவரை எப்படிக் கேட்பது என்று சொல்கிறது. 'சரிங்க' என்று சொல்லிவிட்டுப் போகிறவரைக் கேட்பது நாம்தான் கண்டுபிடிக்க வேண்டிய கலை.

பெயரிலும் ஒரு சிக்கல். ஊக்கம் என்றதும் நாம் 'ஊட்டுவது' என்று போய்விடுகிறோம், ஏதோ ஒன்றும் இல்லாத பாத்திரத்தில் ஊற்றுவது போல. திருக்குறளில் அதற்கான அதிகாரத்தின் பெயர் 'ஊக்கமுடைமை'. அது உடைமை, ஏற்கனவே இருப்பது. மில்லர் சொல்வதும் இதுதான்: இருப்பதை வெளியே வரவிடு, புதிதாக எதையும் திணிக்காதே.

ஆனால் உடைமை என்று சொல்லும்போதே கவனமும் வேண்டும். மூட்டை தூக்குபவரின் உடம்பு வலி ஊக்கக் குறைவால் வந்ததல்ல. ரேஷன் அரிசியில் வயிறு நிறைப்பவரிடம் அரிசியைக் குறை என்று எவ்வளவு பரிவாகப் பேசினாலும் தட்டில் வேறு எதுவும் வந்து விழாது. கூலியும் வேலைநேரமும் மருந்து விலையும் தீர்மானிப்பதை 'மனம் மாறவில்லை' என்று குறிப்பேட்டில் எழுதினால், பழைய பொய்க்குப் புதுப் பெயர்தான். நன்றாகக் கேட்டால் குறைந்தபட்சம் அந்த வலி அறைக்குள் வரும். வந்ததை என்ன செய்வது என்பது டாக்டர் ஒருவரால் தீர்க்கக்கூடியதல்ல. அதைக் கேட்டதோடு தன் வேலை முடிந்தது என்று நினைப்பவரை நாம் விடவும் கூடாது.

தந்திரம் எது, கேட்டல் எது என்று எப்படிப் பிரிப்பது? எனக்குத் தெரிந்து ஒரே ஒரு சோதனைதான். நோயாளி எல்லாவற்றையும் பேசிவிட்டுக் கடைசியில், "இல்லைங்க, இப்ப என்னால முடியாது" என்று சொன்னால் அந்த அறையில் என்ன நடக்கிறது? குரல் இறுகினால், 'நீங்க'ள் மறுபடி 'நீ'யானால், அதுவரை நடந்தது நேர்காணல் அல்ல, வலைவீச்சு. 'முடியாது' என்று சொல்ல இடமில்லாத அறையில் 'சரிங்க'வுக்கு அர்த்தம் கிடையாது. அந்த 'முடியாது'வைக் கேட்டுவிட்டு, "சரி, எது முடியலேன்னு சொல்லுங்க" என்று நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போடுகிற டாக்டர் கற்கத் தொடங்கிவிட்டார்.