கத்தரிக்கோலா, வெடியா?

சிவகாசித் தீப்பெட்டி மருந்தில் பொட்டாசியம் குளோரேட், கந்தகம், பசை, கண்ணாடித்தூளோடு கொஞ்சம் மாங்கனீசு டை ஆக்சைடும் சேரும். குளோரேட் தன் ஆக்சிஜனைச் சீக்கிரம் விட அது ஊக்கி. அதே கறுப்புப் பொடியை ஹைட்ரஜன் பெராக்சைடில் போட்டால் நுரைத்துப் பொங்கும். நம் ரத்தத்தில் உள்ள கேட்டலேஸ் நொதியும் பெராக்சைடைத்தான் உடைக்கிறது. அப்போ இந்தப் பொடியும் நொதிப்போலியா? (விளையாட்டுக்குக் கேட்கலை. நானோ அளவில் தயாரித்து 'நானோசைம்'னு பேரே வெச்சுட்டாங்க.)

இந்தக் கேள்வியோடுதான் உலோக அணைவுச் சேர்மங்களைப் பற்றிய கட்டுரைகளைப் படிக்கிறேன். விருதுநகரிலேயே, செந்திக்குமார நாடார் கல்லூரி வேதியியல் துறையிலிருந்து ஷிஃப் கார அணைவுகள் பற்றிப் பல வருஷமாக ஆய்வுகள் வருகின்றன. டிஎன்ஏவை வெட்டும் சோதனையும் அதில் உண்டு. உலகம் முழுக்க இந்த வகைக் கட்டுரைகள் ஏராளம். என் குறை எந்த ஒரு கல்லூரி மேலும் இல்லை, இந்த வகை மேல்தான்.

சோதனை எளிமையானது. முறுக்கிய வளையமான பிளாஸ்மிட் டிஎன்ஏவோடு சேர்மத்தைக் கலந்து, ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். முழு வளையம் வேகமாக ஓடும். ஓர் இழை அறுந்தால் முறுக்கு தளர்ந்து பின்தங்கும். இரண்டும் அறுந்து நீண்டுபோனது நடுவில் நிற்கும். பட்டை இடம் மாறியதும் 'செயற்கை நியூக்ளியேஸ்' என்று எழுதிவிடுகிறார்கள்.

இங்கதான் இடிக்குது. நிஜ நியூக்ளியேஸ் தண்ணீர் மூலக்கூறைக் கொண்டு பாஸ்பேட் பிணைப்பை வெட்டுகிறது. பெரும்பாலான தாமிரச் சேர்மங்களுக்கோ பெராக்சைடோ அஸ்கார்பிக் அமிலமோ கூடவே ஊற்ற வேண்டும். 1979-ல் சிக்மன் குழு காட்டிய தாமிர-பினாந்த்ரோலினும் அப்படித்தான்: ஆக்சிஜனேற்றம் சர்க்கரையைத் தாக்குகிறது, இழை அறுகிறது. அது கத்தரிக்கோல் இல்லை, வெடி. அதுவும் பயனுள்ள வேதியியல்தான். ஆனால் நொதியின் பெயர் அதற்கு எதற்கு?

இன்னொன்று, சாதாரணத் தாமிர உப்பும் பெராக்சைடும் சேர்ந்தாலே டிஎன்ஏ அறுபடும். மாசக்கணக்கில் ஈனி தயாரித்த மாணவரின் உழைப்பு அதில் எவ்வளவு கூட்டியது? தெரிய வேண்டுமானால், பக்கத்துக் குழியில் அதே அளவு வெறும் காப்பர் குளோரைடு வைத்து ஓட்ட வேண்டும். எங்க தொழிலில் பேஸ்லைன் இல்லாமல் வேகத்தைப் பற்றிப் பேசினால் யாரும் கேட்க மாட்டாங்க.

திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் எம். பழனியாண்டவர் குழு செய்ததை இதோடு வைத்துப் பாருங்கள். மண் பாக்டீரியாக்களின் கேட்டகால் டை ஆக்சிஜனேஸ், இரும்பின் துணையோடு ஆக்சிஜனைச் சேர்த்துப் பென்சீன் வளையத்தை உடைக்கும். இவர்கள் இரும்பு அணைவுகளைச் செய்து, டை-டெர்ட்-பியூட்டைல் கேட்டகாலைக் கொடுத்து, வேகத்தை அளந்தார்கள். வளையம் எந்த இடத்தில் உடைந்தது என்று விளைபொருளைப் பிரித்துப் பார்த்தார்கள். ஈனியை மாற்ற மாற்ற இரும்பின் அமிலத்தன்மையும் வேகமும் எப்படி மாறுகின்றன என்றும் காட்டினார்கள். நொதியின் வேகத்துக்குப் பக்கத்தில் இந்த மாதிரிகள் வருவதில்லை. இருந்தும் நொதி எப்படி வேலை செய்கிறது என்று இவை ஏதோ சொல்கின்றன.

சின்ன ஊர்க் கல்லூரியில் கருவி இல்லை, பணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் நான் கேட்கிற குழிக்கு வேண்டியது பன்னிரண்டாம் வகுப்பு ஆய்வகத்திலேயே கிடைக்கும் ஒரு தாமிர உப்பு. கட்டுரையை மதிப்பிடுகிறவர்கள் அதைக் கேட்டு வாங்கியிருக்கலாம்.