காப்பி

பழைய ஆங்கிலப் பத்திரிகை உலகத்தைப் பற்றிய நாவல்களையும் நாடகங்களையும் படிக்கிறவர்கள், 'காப்பி' என்ற சொல்லைச் சந்திக்காமல் பத்துப் பக்கம் தாண்டுவது கடினம். நாம் காலையில் அருந்தும் காப்பி அல்ல. பத்திரிகைக்காரர்களுக்கு அதுவும் தேவைதான் என்பது வேறு விஷயம்.

பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுவதைக் காப்பியடிப்பது என்கிறோம். அதனாலோ என்னவோ, அந்தச் சொல்லைக் கேட்டாலே இரண்டாந்தரச் சரக்கு என்ற எண்ணம் வந்துவிடுகிறது. லண்டன் பிளீட் தெருவில் நிலைமை நேர் எதிராக இருந்தது. நிருபர் தம் கையால் எழுதிய மூலத்துக்குத்தான் அங்கே காப்பி என்று பெயர் இருந்தது. அச்சுக் கோப்பவர் எதைப் பார்த்து எழுத்துக் கோத்தாரோ அது காப்பி. எழுதியவனுடைய பெருமையைப் பற்றி அச்சுக்கூடத்துக்கு என்ன கவலை? அச்சாகி வெளிவந்த பத்திரிகையிலும் ஒவ்வொன்றும் ஒரு காப்பி. ஆக, தாயும் காப்பி, குழந்தைகளும் காப்பி!

இந்தச் சொல்லுக்குப் பரிவாரமும் உண்டு. தாள் எழுதி முடிந்ததும் நிருபர் "காப்பி!" என்று கூவுவார். ஓடி வந்து வாங்கிப் போனவன் காப்பி பாய். திருத்துகிறவர்கள் உட்காரும் இடம் காப்பி டெஸ்க்; அமெரிக்காவில் அந்த மேஜை பெரும்பாலும் குதிரை லாடம் போல் வளைந்திருந்தது. விளம்பர வாசகமும் காப்பிதான். லத்தீனில் 'கோப்பியா' என்றால் ஏராளம் என்று பொருள். சொல் பிறந்த குடும்பம் அப்படி!

இவற்றையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு போய்விடலாம். இன்னும் ஓர் அர்த்தம் இருக்கிறது. அது அவ்வளவு வேடிக்கையானதல்ல. அதன்படி மனிதனே காப்பி ஆகிறான். 'அவன் நல்ல காப்பி' என்றால் அவன் நல்லவன் என்பதல்ல. அவனைப் பற்றி எழுதினால் பத்திரிகை விற்கும் என்பதுதான். முதல் இரண்டு அர்த்தங்களுக்கும் தமிழில் 'பிரதி' என்ற ஒரே சொல் போதும். மூன்றாவதுக்கு அது உதவாது. 'பத்திரிகைக்கு நல்ல தீனி' என்கிறோமே, அதுதான் சரி. சற்று முரட்டுச் சொல்தான். ஆனால் ஆங்கிலத்தைவிட நாணயமானது.

சிக்காகோவில் நிருபர்களாக இருந்த பென் ஹெக்ட், சார்லஸ் மக்ஆர்தர் இருவரும் எழுதிய 'தி பிரண்ட் பேஜ்' நாடகம் 1928-இல் நியூயார்க்கில் மேடையேறியது. விடிந்தால் ஒருவனைத் தூக்கில் போடப் போகிறார்கள். நிருபர்கள் சீட்டாடிக்கொண்டு காத்திருக்கிறார்கள். ஏழு மணிக்குப் பதிலாக ஐந்து மணிக்கே தூக்கில் போட்டால் பதிப்புக்குச் சௌகரியமாயிருக்குமே என்று ஷெரீபிடம் கேட்கிறார்கள்! படிக்கும்போது எனக்கும் சிரிப்பு வரத்தான் செய்தது. ஆனாலும் இந்த நாடகத்தைப் பத்திரிகைத் தொழிலுக்குக் கொடுத்த சவுக்கடி என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். ஆசிரியர்கள் இருவரும் அந்தப் போக்கிரிகளின் மேல் மோகம் கொண்டவர்கள். சாகப் போகிறவனிடம் உண்மையாக இரக்கம் காட்டுகிறவள் மாலி என்ற தெருப்பெண். நிருபர்களின் தொல்லை பொறுக்காமல், இரண்டாம் அங்கத்தில் அவள் ஜன்னல் வழியாகக் குதித்துவிடுகிறாள். மூன்றாம் அங்கத்தில் பத்திரிகாசிரியரும் நிருபரும் தங்கள் செய்தியைக் காப்பாற்றும் சாகசத்தில் இறங்கிவிடுகிறார்கள். ஹெக்டுக்கும் மக்ஆர்தருக்கும்கூட அவளிடம் நின்று பேச நேரம் இருப்பதில்லை.