பெயர் பழையது, அளவு எது?

ஆலங்குளத்திலிருந்து எங்கள் கல்லூரிக்கு வந்து படிக்கும் மாணவர் ஒருவரிடம், "ஒரு ஹெக்டேர் எவ்வளவு?" என்று கேட்டேன். "10,000 சதுர மீட்டர்" என்று உடனே விடை வந்தது. "உங்கள் நிலம் எத்தனை ஹெக்டேர்?" என்றேன். விழித்தார். "எத்தனை சென்ட்?" என்றதும், "ஐம்பது சென்ட், சார்" என்றார்.

மெட்ரிக் அளவைகளுக்கான சட்டம் நம் நாட்டில் 1956-இல் இயற்றப்பட்டது. 1958 முதல் புதிய எடைகள் படிப்படியாக வழக்கத்திற்கு வந்தன. இன்றுள்ள 2009-ஆம் ஆண்டுச் சட்டமும் மெட்ரிக் அலகுகளையே வற்புறுத்துகிறது. ஆயினும் நிலம் சென்ட்டிலும், தங்கம் பவுனிலும், பூ முழத்திலும் விலை பேசப்படுகின்றன. இதைப் பழமைப் பற்று என்று ஏளனம் செய்வது எளிது. ஆனால் அது சரியான திறனாய்வு ஆகாது. ஓர் அலகு பழையதா, புதியதா என்பது முக்கியமன்று. அதன் அளவு ஆளுக்கு ஆள் மாறாமல் நிற்கிறதா என்பதே கேள்வி.

இந்தச் சோதனையில் பவுன் தேறிவிடுகிறது. நகைக் கடையில் பவுன் என்றால் 8 கிராம், இருவருக்கும் ஐயமில்லை. இராசபாளையம் நூற்பாலைகளில் வழங்கும் 'கவுண்ட்' என்பதும் அப்படியே. 840 கஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை ஆகுமோ, அதுவே அந்நூலின் கவுண்ட். மெட்ரிக் அன்று, எனினும் திட்டமானது.

முழம் தேறாது. அது முழங்கையிலிருந்து விரல் நுனி வரை உள்ள நீளம்; கைக்குக் கை மாறும். படியோ இரண்டுங்கெட்டான். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி என்ற ஏற்பாடு, பாதி பாதியாகப் பகுக்க மிக வசதியானது. ஆனால் தானியத்தைக் குலுக்கி அளந்தால் மணிகளுக்கிடையே உள்ள வெற்றிடம் குறைந்து கூடுதலாகக் கொள்ளும். குவித்து அளந்தால் இன்னும் கூடும். நிறுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

புதிய அலகும் பழைய பெயருக்குள் ஒளிந்துகொள்ளும். மதுக்கடையில் 'குவார்ட்டர்' என்பது 180 மில்லி லிட்டர். முழுப் புட்டியோ 750. நான்கு கால் சேர்ந்தால் 720 தான்! சீட்டில் அளவு சரியாகவே அச்சிடப்பட்டுள்ளது. பெயர்தான் பொய் சொல்கிறது.

இனி அந்த மாணவரின் நிலத்திற்கு வருவோம். பட்டாவில் அளவு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். 20 ஏர் என்றிருக்கும் நிலத்தை ஊரில் 'ஐம்பது சென்ட்' என்று விலை பேசுவதாகக் கொள்வோம். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர். ஆகவே 50 சென்ட் 2,023 சதுர மீட்டருக்குச் சற்று மேல். 20 ஏர் 2,000 தான். வாங்குபவருக்குக் குறைவது சுமார் 250 சதுர அடி, அதாவது ஒரு பெரிய அறை!

குற்றம் சென்ட்டின் மேலுமில்லை, ஹெக்டேரின் மேலுமில்லை. இரண்டுக்கும் பாலம் போடாத நம் பாடமுறையின் மேல்தான். மெட்ரிக் வாய்பாட்டை ஒப்பிக்கச் செய்கிறோம். வீட்டுப் பட்டாவை எடுத்துக் கணக்கிடச் சொல்வதில்லை. அடுத்த வாரம் என் வகுப்பில் அதுவே செய்முறைப் பயிற்சி. வாசகர்களும் இன்றே செய்து பார்க்கலாம்.