மழை இல்லையா, தகவல் இல்லையா?

ஆவடிப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் மாணவர்களின் ஹேக்கத்தானுக்குப் போயிருந்தேன். முதல் பரிசு ஒரு மழை டேஷ்போர்டுக்கு. தானியங்கி மழைமானிகளின் அளவுகளை டேட்டாபேஸில் சேர்த்து, கிராஃபானா என்ற படம் வரையும் மென்பொருள் வழியாகத் திரையில் படமாக விரித்திருந்தார்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, செம்பரம்பாக்கம் எல்லாம் நீலத்தின் பல சாயல்களில் மின்னின. நடுவர்கள் சொக்கிப்போனார்கள்.

"அளவு வராத நேரத்துக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

"ஜீரோ போட்டுடுவோம் சார். காலியா விட்டா கோடு அறுந்து அசிங்கமா இருக்கும்" என்றார் ஒரு மாணவர். நடுவர் ஒருவர் அவருக்குப் பரிந்து வந்தார். பொதுமக்களுக்கு வேண்டியது ஒரே பார்வையில் புரியும் படம், நடுவே ஒன்றிரண்டு மணி நேரம் விட்டுப்போனால் என்ன குடிமுழுகிவிடும் என்றார்.

குடிதான் முழுகும்.

பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன். நேற்றுக் காலை 8.30 முதல் இன்று காலை 8.30 வரை பெய்த மழையை நாளைய நாளிதழில் படித்துப் பழகியவர்கள் நாம். இன்று மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 1,400 தானியங்கி மழைமானிகளை நிறுவியிருக்கிறது. டேட்டாபேஸிலிருந்து நேரே படம் வரைவதால் கையால் எண்களைப் பெயர்த்தெழுதும் பிழைகள் ஒழிந்தன. மழையையும் ஏரியின் நீர்மட்டத்தையும் ஒரே திரையில் பார்க்க முடிகிறது. உலகப் பொது நேரத்தில் சேமித்ததை அப்படியே நாள்வாரியாகக் கூட்டினால் நம் நாள் காலை 5.30-க்குத் தொடங்கிவிடும் என்ற சிக்கல் உண்டு. அதை ஒரு வரியில் திருத்திவிடலாம். என் சண்டை அதோடு அல்ல.

டேட்டாபேஸ் தன்னளவில் நேர்மையானது. அளவு வராத இடத்தில் அது பூஜ்யம் எழுதாது, 'நல்' என்று வெறுமையைக் குறித்து வைக்கும். (தமிழ்க் காதுக்கு நல்ல சொல்லாகத்தான் கேட்கிறது.) கிராஃபானாவின் கோட்டுப்படமும், நாம் வேறு மாதிரி சொல்லாதவரை, அந்த வெறுமையை வெறுமையாகவே காட்டும். இரண்டுக்கும் நடுவே வினவல் எழுதும் மனிதர்தான் 'ஃபில்(0)', அதாவது 'பூஜ்யத்தால் நிரப்பு', என்று ஒரு சொல்லைச் செருகி, தெரியாததைத் தெரிந்ததாக ஆக்குகிறார். கூட்டல் இன்னும் மோசம். 24 மணி நேரத்தில் 9 மணி நேரத் தகவல் வரவில்லை என்றாலும், 'சம்' கட்டளை மிச்சமுள்ள 15 மணி நேரத்தைக் கூட்டி, இதுதான் இன்றைய மழை என்று கொடுத்துவிடும். ஒரு முணுமுணுப்பு கிடையாது.

இந்த வெறுமை எப்போதோ எங்கோ விழுவதாக இருந்தால் நானும் பொறுத்துக்கொள்வேன். தானியங்கி நிலையத்தின் உயிர் எதில் இருக்கிறது? ஒரு சூரியத் தகடு, ஒரு பேட்டரி, பெரும்பாலும் ஒரு சிம் கார்டு. நாள்கணக்கில் வானம் மூடிக்கிடந்தால் பேட்டரி இறங்கும், கரண்ட் போனால் செல்போன் டவர் சாகும். ஆகவே மழை உச்சத்தில் இருக்கும்போதுதான் தகவல் நிற்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஆவடியில் 28 செ.மீ. கொட்டியபோது இந்தப் பக்கத்தில் கரண்டும் இல்லை, சிக்னலும் சரியில்லை. அம்பத்தூரில் எங்கள் வாசற்படியைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது. வந்து வந்து போன சிக்னலில் ஒரு செயலியைத் திறந்தேன். மளமளவென்று ஏறிய கோடு திடீரென்று தரையில் விழுந்து 0.0 என்று நின்றது. "அப்பாடா, விட்டுடுச்சு" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். வெளியே மழை ஓட்டைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

கருவியே பொய்ப் பூஜ்யம் அனுப்புவதும் உண்டு. இந்த மழைமானிக்குள் ஒரு சிறு கிண்ணம் நிரம்பி நிரம்பிக் கவிழும், கவிழ்ந்த தடவைகளை எண்ணித்தான் மழையைச் சொல்லும். புனலில் வேப்பிலை அடைத்துக்கொண்டால் கிண்ணம் கவிழாது. இப்படிப்பட்ட சந்தேகத்தைக் குறிக்க டேட்டாபேஸில் தரக்குறியீடு என்று ஒரு பத்தி வைப்பார்கள். படத்துக்கு அனுப்பும்போது முதலில் கழற்றிவிடப்படுவது அந்தப் பத்திதான்.

பக்கத்து நிலையங்களை வைத்து ஊகித்து நிரப்பலாமே என்பார்கள். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. ஒரே ஊர் மழை, 18 செ.மீ. வித்தியாசம். ஊகிப்பது குற்றமில்லை. ஊகத்துக்கும் அளந்ததற்கும் ஒரே நீலத்தைப் பூசுகிறார்களே, அதைத்தான் மோசடி என்கிறேன். கடுமையான சொல்தான், தெரிந்தே எழுதுகிறேன்.

இத்தனைக்கும் இது புதுச் சிக்கல் அல்ல. வானிலை நிலையங்கள் ஐந்தைந்து இலக்கங்களாக அனுப்பிவந்த சினாப் குறியீட்டில் மழைக்கென்றே ஓர் இலக்கம் உண்டு. மழை அளவு இல்லாத செய்தியில் அந்த இடத்தில் 3 இருந்தால் மழை பெய்யவில்லை, 4 இருந்தால் அளவு கிடைக்கவில்லை. ஒவ்வோர் எழுத்தையும் எண்ணி அனுப்பிய காலத்தில் இந்த வேறுபாட்டுக்கு ஓர் இலக்கத்தை ஒதுக்கினார்கள். கோடிக்கணக்கான நிறங்கள் கொண்ட திரையில் நம்மவர்களுக்கு ஒரு சாம்பல் நிறத்துக்கு இடமில்லையாம்.

கோடு அறுந்தால் அறுந்தே இருக்கட்டும், தம்பி. அளவு வராத நிலையத்தைச் சாம்பலாக்கி, கடைசியாகத் தகவல் வந்த நேரத்தைப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். அந்த நேரத்தைப் போடாத செயலி எதுவானாலும், அடுத்த புயல் இரவில் அது காட்டும் 0.0-ஐ நம்பி யாரும் வண்டியைப் பள்ளத்தில் நிறுத்த வேண்டாம்.