வெட்டுப்பட்ட வினைமுற்று

ரியாலிட்டி ஷோ பற்றி எழுதப்போகிறேன் என்றால் நம் வட்டத்தில் முதலில் ஒரு முகச்சுளிப்பு வரும். அடுத்து, "அதெல்லாம் ஸ்கிரிப்ட்டுதானே" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இந்த வரியை நான் ஒத்துக்கொள்வதில்லை. எல்லாம் முன்கூட்டியே எழுதப்பட்டது என்றால் பிரச்சினையே இல்லை. நாடகம் என்று நினைத்துப் பார்த்துவிட்டுப் போகலாம். சவால் நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. போட்டியாளர் தன் சொந்த வாயால், தன் சொந்தக் கோபத்தோடு, தன் சொந்தச் சொற்களைத்தான் பேசுகிறார். எழுதும் வேலை அதற்கு அப்புறம்தான், எடிட்டிங் மேசையில் தொடங்குகிறது. நம்மைப் போன்ற வாசகர்கள் கவனிக்க வேண்டிய இடம் அந்த மேசைதான்.

சின்னதாக ஒரு கணக்கு. பத்து கேமராக்கள் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 120 மணி நேரக் காட்சி. அதிலிருந்து 45 நிமிட எபிசோடு எடுத்தால், ஒரு நிமிடத்துக்கு 159 நிமிடங்கள் குப்பைக்குப் போகின்றன. 160 பக்கம் எழுதி ஒரு பக்கத்தை வைத்துக்கொள்ளும் எழுத்தாளரை நாம் கொண்டாடுவோம். இங்கே எழுதியவர் ஒருவர், கிழித்துப் போடுகிறவர் இன்னொருவர்.

இந்த வகையின் மூத்த பிள்ளை சர்வைவர். சார்லி பார்சன்ஸ் என்ற ஆங்கிலேயரின் யோசனை அது. முதலில் வந்தது 1997இல், ஸ்வீடனில், 'எக்ஸ்பெடிஷன் ராபின்சன்' என்ற பெயரில். முதல் ஆளாக ஓட்டுப் போட்டு வெளியே அனுப்பப்பட்டவர் சினிஷா சாவியா. போஸ்னியாவிலிருந்து அகதியாக வந்தவர். நிகழ்ச்சி ஒளிபரப்பாவதற்கு முன்பே அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். தான் செய்த நல்லதையெல்லாம் வெட்டிவிட்டுத் தன்னை முட்டாளாகக் காட்டப்போகிறார்கள் என்று அவர் பயந்ததாக அவருடைய மனைவி பின்னர் சொன்னார். ஒரு மரணத்துக்குக் காரணம் இதுதான் என்று வெளியில் இருந்து யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பயத்தைக் கவனியுங்கள். தோற்றதைவிட, தான் எப்படித் தொகுக்கப்படுவோம் என்பது அவரைப் பிடித்து ஆட்டியிருக்கிறது. எடிட்டிங் மேசையைப் பார்க்காமலேயே அதைப் புரிந்துகொண்ட முதல் போட்டியாளர் என்று அவரைச் சொல்வேன்.

அமெரிக்க சர்வைவர் 2000இல் வந்தது. படமெடுத்த இடம் நமக்கு ரொம்பத் தூரமில்லை. சபாவுக்குப் பக்கத்தில் இருக்கும் புலாவ் தீகா. 39 நாட்கள், 16 பேர், ஒரு மில்லியன் டாலர். கடைசி எபிசோடை 5 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். அடுத்த வருடமே தயாரிப்பாளர் மார்க் பர்னெட் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டார். கேமரா கோணம் நன்றாக அமைய வேண்டும் என்பதற்காகச் சில காட்சிகளை வேறு ஆட்களை வைத்துத் திரும்ப எடுத்தார்களாம். போட்டியின் முடிவு மாறவில்லை, அதனால் தப்பில்லை என்பது அவருடைய வாதம். எனக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. முடிவு நிஜமாக இருந்தால் போதும், வழி எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்கிற எண்ணம்தான் இந்த வகை முழுவதற்கும் அடித்தளம் என்று தோன்றுகிறது.

தமிழுக்கு சர்வைவர் 2021 செப்டம்பரில் வந்தது. ஜீ தமிழ், தொகுப்பாளர் அர்ஜுன், படமெடுத்தது சான்சிபாரில், பரிசு ஒரு கோடி ரூபாய். சிங்கப்பூரில் எங்களில் பலர் பார்க்க உட்கார்ந்ததற்குக் காரணம் லேடி காஷ். 'எந்திரன்' படத்தில் ஏ.ஆர். ரஹ்மானுடன் ராப் பாடிய நம்ம ஊர்ப் பெண். நான் பார்க்க ஆரம்பித்ததும் அதனால்தான். ஆனால் உறுத்திய விஷயம் வேறு. அணிகளுக்கு வைத்த பெயர்கள் காடர்கள், வேடர்கள்.

காடர் என்பது யாரோ உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த பெயர் இல்லை. ஆனைமலைக் காடுகளில் இன்றும் வாழ்கிற பழங்குடி மக்களின் பெயர். வேடர் என்ற பெயரிலும் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நிஜ மனிதர்கள் இருக்கிறார்கள். ஆப்பிரிக்கக் கடற்கரையில் சினிமா, டிவி நட்சத்திரங்கள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு 'நாங்க காடர்கள்' என்று கத்தும்போது, அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர்கள் வால்பாறைப் பக்கம் எங்கோ வன உரிமைக்கு மனு எழுதிக்கொண்டிருப்பார்கள். இதைப் பற்றிப் பெரிதாக ஒரு விமர்சனமும் என் கண்ணில் படவில்லை. யார் வெளியே போனார்கள், யார் யாரை முதுகில் குத்தினார்கள் என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். காட்டுக்குள் உயிர்வாழ்வதைப் பற்றி ஒரு நிகழ்ச்சி எடுத்துவிட்டு, காட்டுக்குள் உயிர்வாழத் தெரிந்தவர்களின் பெயரை மட்டும் கடன் வாங்குவது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்று. புலாவ் தீகாவுக்குப் போன 16 பேரும் யாருக்கும் தெரியாதவர்கள். சான்சிபாருக்குப் போனவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே திரையில் இருந்தவர்கள். ஆட்டமே இதனால் மாறிவிடுகிறது. யாருக்கும் தெரியாதவர் பசியில் அழுதால் அது பசி. நடிகர் அழுதால் நமக்கு உடனே ஒரு சந்தேகம். வென்றவர் விஜயலட்சுமி. 'சென்னை 600028' நடிகை, அதற்கு முன்பே பிக்பாஸ் வீட்டுக்குள்ளும் இருந்துவிட்டு வந்தவர். இது தற்செயல் இல்லை என்பது என் வாசிப்பு. கேமராவுக்கு முன்னால் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டவருக்கு, தேங்காய் உடைக்கத் தெரிந்தவரைவிட ஒரு படி முன்னிலை உண்டு. (பிக்பாஸைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அதைப் பற்றி எழுதியவர்களை வைத்தே ஒரு தீவை நிரப்பலாம்.)

இனி எடிட்டிங் மேசைக்கு வருகிறேன். இதில் எனக்கு ஆர்வம் வந்தது ஒரு தோழியால். இங்கே யூடியூபுக்காக எடுக்கப்பட்ட ஒரு சிறிய சவால் தொடரில் கலந்துகொண்டார். பெயர் வேண்டாம், தொடருக்கும் வேண்டாம், அவருக்கும் வேண்டாம். ஒரே கதவு வழியாக மூன்று தடவை 'முதல் முறையாக' உள்ளே நுழைய வைத்தார்கள். சவால் முடிந்து மூன்று வாரம் கழித்து, அதே சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு வரச் சொல்லி, 'அந்த நேரத்துல உங்களுக்கு எப்படி இருந்துச்சு?' என்று கேட்டார்கள். நிகழ்காலத்தில் பதில் சொல்ல வேண்டுமாம். 'பயமா இருந்துச்சு' என்று சொன்னால், 'பயமா இருக்குன்னு சொல்லுங்க' என்று திருத்துவார்களாம். இதெல்லாம் உலகம் முழுக்க நடக்கிற வழக்கம்தான். அவரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

சிரிக்காமல் சொன்னது ஒரு வாக்கியத்தைப் பற்றி. அவர் கேமராவில் பேசியது இது: "அவர விட நான் நல்லா பண்ணுவேன்னு சொல்ல வரல. எனக்கும் ஒரு சான்ஸ் குடுத்திருக்கலாம்." திரையில் வந்தது இது: "அவர விட நான் நல்லா பண்ணுவேன்." அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு டமார் இசை, எதிர் அணிப் பையனின் முகம்.

ஆங்கிலத்தில் இப்படித் துண்டு துண்டாக ஒட்டிய பேச்சுக்கு ஃபிராங்கன்பைட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பிணங்களைத் தைத்து உருவாக்கிய ஃபிராங்கன்ஸ்டைனின் பூதத்திலிருந்து வந்த சொல். ஆனால் தோழியின் வாக்கியத்தை நான் காகிதத்தில் எழுதிப் பார்த்தபோது, தமிழ் இந்த வேலைக்கு எவ்வளவு வசதியான மொழி என்று தெரிந்தது. ஆங்கிலத்தில் மறுப்பு பெரும்பாலும் வாக்கியத்தின் தலைப்பக்கமே வந்துவிடும். கேட்பவர் முதலிலேயே உஷாராகிவிடுவார். நம் மொழியில் சொல்ல வந்ததையெல்லாம் முழுசாகச் சொல்லி, 'ன்னு' போட்டு, அதற்கப்புறம்தான் 'நினைக்கல', 'சொல்லல', 'அர்த்தமில்ல' என்று வருவோம். அதாவது மறுக்கப்போகும் கருத்து, ஒரு முழு வாக்கியமாக, வினைமுற்றோடு, வெட்டுவதற்குத் தயாராக முன்னால் நிற்கிறது. 'பண்ணுவேன்னு' என்பதில் இரண்டாவது 'ன'கரத்துக்கு முன்னால் கத்தரி வைத்தால் போதும். இலக்கண வகுப்பில் தூங்கியவர்கூடச் செய்துவிடலாம்.

கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? ஓரளவுக்கு இருக்கிறது. முடிந்த வாக்கியத்தில் குரல் இறங்கும். வெட்டிய வாக்கியத்தில் குரல் மேலேயே தொங்கி நிற்கும். அதை மறைக்கத்தான் அந்த இடத்தில் இசை வருகிறது. இன்னொரு அடையாளம் முகம். பேசுகிறவரின் வாய் தெரியாத நேரத்தில், கடல், தீப்பந்தம், வேறு ஒருவரின் முறைப்பு என்று ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும்போது காதில் விழும் வாக்கியத்தைப் பாதிதான் நம்ப வேண்டும். ஒரு வாரம் இப்படிப் பார்த்துப் பழகினால் அப்புறம் எந்த நிகழ்ச்சியையும் பழைய மாதிரி பார்க்க முடியாது. எனக்கு இப்போது அந்த வியாதி.

சென்னையில் இருக்கும் நட்சத்திரத்துக்கு இப்படி நடந்தால் பிஆர் ஆள் இருக்கிறார், பேட்டி கொடுக்கலாம். இங்கே அப்படி இல்லை. சிங்கப்பூர்த் தமிழ் உலகம் சிராங்கூன் ரோட்டின் நீளம்தான். எபிசோடு வந்த மறுநாள் தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கப் போன தோழியை ஒரு ஆன்ட்டி நிறுத்திக் கேட்டார்: "ஏம்மா, பாவம் அந்தப் பையன், அப்பிடியா பேசுறது?" வீரமாகாளியம்மன் கோயிலில் அவருடைய அம்மாவிடம் இரண்டு பேர் கேட்டார்கள். ஆபீஸில் ஒரு தமிழ் சக ஊழியர் பாதிக் கிண்டலாக 'நீங்க எங்கள விட நல்லா பண்ணுவீங்கல்ல' என்று ஒரு வேலையைத் தள்ளிவிட்டார். மறுத்துச் சொல்லவும் முடியாது, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நிகழ்ச்சி பற்றி வாயைத் திறக்கக் கூடாது.

சமையல் போட்டி கொஞ்சம் நேர்மையானது என்று பலர் நினைக்கிறார்கள். ருசி பொய் சொல்லாது என்ற நம்பிக்கை. 2018இல் ஆஸ்திரேலிய மாஸ்டர்செஃப் பட்டத்தை சசி செல்லையா வென்றார். சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவர், இங்கே போலீஸில் இருந்தவர், பிறகு அடிலெய்டில் சிறைக் காவலர். இறுதிப் போட்டியில் 100க்கு 93. நமக்கெல்லாம் தலைகால் புரியாத பெருமை. எனக்கும்தான், மறைக்க என்ன இருக்கிறது. சம்பலும் மீன் கறியும் அந்த மேடையில் விளக்கம் சொல்லாமல், மன்னிப்புக் கேட்காமல் நின்றன.

அதே 2018இல் பிரிட்டிஷ் மாஸ்டர்செஃப்பில் மலேசியாவில் பிறந்த ஸலேஹா ரெண்டாங் சமைத்தார். கோழித் தோல் மொறுமொறுவென்று இல்லை என்று நடுவர் கிரெக் வாலஸ் குறை சொன்னார். ரெண்டாங் கோழி மொறுமொறுவென்று இருந்தால் அது ரெண்டாங்கே இல்லை. மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் மூன்றும் அபூர்வமாக ஒரே பக்கம் நின்று சண்டை போட்டன. எனக்கு அந்தச் சண்டையைவிட ஸலேஹாவின் முகம்தான் முக்கியம். நடுவர் பேசும்போது போட்டியாளர் தலையாட்ட வேண்டும் என்பது இந்த வகையின் எழுதாத விதி. தவறான வாசிப்பை எழுதியவரே நின்று கேட்டுத் தலையாட்டும் இலக்கியக் கூட்டம் ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். (சரி, கற்பனை செய்யவே வேண்டாம், போயிருக்கிறோம்.)

அகப்பாடல்களில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தலைவன், தலைவி யார் என்று பெயர் சொல்லக் கூடாது. தொல்காப்பியம் வகுத்த விதி அது. யார் யாரிடம் எந்தச் சூழலில் பேசுகிறார் என்பதைப் பாடலுக்குக் கீழே கூற்றுக் குறிப்பாகப் பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள். குறிப்பை மாற்றினால் பாட்டின் அர்த்தமே மாறும். தோழி சொல்வது பரத்தை சொல்வதாகிவிடும். ரியாலிட்டி ஷோவிலும் பின்னால் வருகிறவர்தான் கூற்றுக் குறிப்பு எழுதுகிறார். 'கோபத்தில்', 'மறுநாள் காலை', 'இதற்கிடையில்' என்று திரையில் எழுத்துகள் வரும். ஒரே வித்தியாசம், இங்கே பெயர் உண்டு. கீழே பட்டையில், வயதோடும் ஊரோடும். அகத்தின் அந்தரங்கத்தையும் புறத்தின் பெயரையும் ஒரே ஆள் மேல் சேர்த்து ஒட்டிவிடுகிறார்கள். அந்தப் பழைய விதி யாரைக் காப்பாற்றியது என்பது, தேக்காவில் மீன் பையோடு நின்ற தோழியை நினைத்தால்தான் எனக்குப் புரிகிறது.

இவ்வளவு இருந்தும், போட்டியாளரின் பக்கத்திலிருந்து எழுதிய ஒரு நல்ல தமிழ் நாவலை நான் இன்னும் படிக்கவில்லை. ஒப்பந்தம் வாயைக் கட்டுவது ஒரு காரணமாக இருக்கலாம். இதில் என்ன இலக்கியம் என்ற நம் முகச்சுளிப்பு இன்னொரு காரணம். ஆங்கிலத்தில்கூட எனக்குப் பிடித்த ஆவணம் நாவல் இல்லை, ஒரு வழக்கு. புலாவ் தீகாவில் மூன்றாவதாக வெளியேற்றப்பட்ட ஸ்டேசி ஸ்டில்மன், தொழிலால் வக்கீல், 2001இல் நீதிமன்றம் போனார். தனக்கு எதிராக ஓட்டுப் போடும்படி தயாரிப்பாளர் இரண்டு பேரிடம் பேசினார் என்பது குற்றச்சாட்டு. தயாரிப்புத் தரப்பு மறுத்தது. ஒப்பந்தத்தை மீறிப் பேசினார் என்று பதில் வழக்குப் போட்டது. கடைசியில் சமரசமாக முடிந்தது. ஆனால் அதற்குள் சக போட்டியாளர் ஒருவர் சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுத்துவிட்டார். தீவில் தயாரிப்பாளர் தன்னிடம் என்ன பேசினார், அதைத் தான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று சொல்கிறார். இசை இல்லை, தீப்பந்தம் இல்லை. வாக்கியங்கள் முடிகிற இடத்தில்தான் முடிகின்றன.