250 பவுண்டு கார்

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்று சொன்னவர் காரைக் கட்டிப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் மூன்றாவதாக அதையும் சேர்த்திருப்பார். நான் கார் வாங்குவதைச் சொல்லவில்லை. இரும்புக் குழாயை அறுத்து, வெல்டிங் வைத்து, பழைய கார் ஒன்றின் எஞ்சினைப் பிடுங்கிப் பொருத்தி, கடைசியில் அதில் ஏறி உட்கார்ந்து ரோட்டில் போவதைச் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் இது ஒரு மரியாதைக்குரிய பைத்தியம். வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட், சனி ஞாயிறு, கையெல்லாம் கிரீஸ். அங்கே பல பேரை இந்தப் பைத்தியத்தில் தள்ளிவிட்ட புத்தகம் ஒன்று உண்டு. ரான் சாம்பியன் என்பவர் எழுதி 1996-இல் ஹேன்ஸ் நிறுவனம் வெளியிட்டது. 'பில்ட் யுவர் ஓன் ஸ்போர்ட்ஸ் கார் ஃபார் ஆஸ் லிட்டில் ஆஸ் 250 பவுண்ட்ஸ்' என்று நீளமான பெயர். 250 பவுண்டுக்கு நீங்களே ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்துகொள்ளலாம் என்கிறது அட்டை. அன்றைய மதிப்பில் நம்ம ஊர்ப் பணத்துக்கு ஏறக்குறைய 14,000 ரூபாய். இங்கே அப்போது அந்தப் பணத்துக்கு ஒரு புது ஸ்கூட்டர்கூட வராது.

நல்ல புத்தகம்தான். ஆனால் அட்டையிலேயே ஒரு பொய் இருக்கிறது. அதை மன்னிக்கலாமா என்று பார்ப்போம்.

முதலில், எந்தக் காரைக் கட்டச் சொல்கிறார்? லோட்டஸ் செவன் மாதிரி ஒன்றை. இந்த லோட்டஸின் கதையே ஒரு ஷெட்டில்தான் ஆரம்பிக்கிறது. காலின் சாப்மன் என்ற இளைஞர் 1948-இல், காதலியின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில், ஒரு பழைய ஆஸ்டின் செவனைப் பிரித்து மேய்ந்து தன் முதல் காரைச் செய்தார். (அந்தக் காதலியையே பிறகு கல்யாணமும் செய்துகொண்டார்.) 1957-இல் அவருடைய கம்பெனி லோட்டஸ் செவனை வெளியிட்டது. கதவு கிடையாது, சொகுசு கிடையாது. குழாய்களால் ஆன ஒரு கூடு, அதன்மேல் அலுமினியத் தகடு, முன்னால் எஞ்சின், நடுவில் இரண்டு பேர், அவ்வளவுதான்.

அதையே உதிரி பாகங்களாகப் பெட்டியில் போட்டும் விற்றார்கள். காரணம் வரி. முழு காராக வாங்கினால் கொள்முதல் வரி கட்ட வேண்டும். பாகங்களாக வாங்கி நீங்களே பூட்டிக்கொண்டால் வரி இல்லை. ஆனால் பூட்டும் முறையை எழுதிக் கொடுக்கக் கூடாது என்று சட்டம். அதனால் லோட்டஸ்காரர்கள் பிரிக்கும் முறையை எழுதிக் கொடுத்தார்களாம், வாங்கியவர் பின்னாலிருந்து படித்துக்கொள்ளட்டும் என்று! 1973-இல் அந்த வரி போய் வாட் வந்தது. பெட்டியில் விற்பதன் ஆதாயமும் போயிற்று. லோட்டஸ் அந்தக் காரைக் கைவிட, உரிமையை கேட்டர்ஹாம் நிறுவனம் வாங்கிக்கொண்டது.

ஆக, 'இது நகல்தானே, போலிதானே' என்று மூக்கைச் சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அசலே பெட்டியில் வந்து யாரோ ஒருவரின் ஷெட்டில் பூட்டப்பட்டதுதான். சாம்பியன் அந்த வழக்கத்தைத் தொடர்கிறார். அவருடைய காருக்கு 'லோகாஸ்ட்' என்று பெயர் நிலைத்துவிட்டது. வெளியிட்ட ஹேன்ஸுக்கும் இது சொந்தக் கதை. நிறுவனர் ஜான் ஹேன்ஸ் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது ஒரு ஆஸ்டின் செவனை ஸ்போர்ட்ஸ் காராக மாற்றி, அதை எப்படிச் செய்தேன் என்று 1956-இல் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். 250 பிரதி. பத்தே நாளில் தீர்ந்துவிட்டதாம். அங்கேயும் ஒரு 250!

சரி, புத்தகத்துக்குள் போவோம். ஒரு அங்குலச் சதுர இரும்புக் குழாய்களை அளந்து அறுக்க வேண்டும். சமதளமான பலகைமேல் வைத்து, அசையாமல் முட்டுக் கொடுத்து, வெல்டிங் செய்ய வேண்டும். இதுதான் சாஸி, காரின் எலும்புக்கூடு. குறுக்குக் குழாய்கள் ஏன் என்பது கயிற்றுக் கட்டில் வைத்திருந்தவர்களுக்குச் சொல்லாமலே புரியும். நான்கு சட்டம் மட்டும் இருந்தால் கட்டில் ஒரு பக்கமாகச் சாயும். மூலைக்கு மூலை ஒரு கட்டை அடித்தால் நின்றுவிடும். சாஸி முழுக்க இந்த முக்கோண வித்தைதான். அதனால் கார் மொத்தமுமே 500 கிலோவுக்கு முன்பின். நம்ம மாருதி 800-ஐ விட லேசு. எடை குறைந்தால் சாதாரண எஞ்சினே சிறுத்தை மாதிரி இழுக்கும்.

எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில், ஸ்டியரிங் எல்லாவற்றுக்கும் ஒரு பழைய ஃபோர்டு எஸ்கார்ட். துருப்பிடித்துக் காயலான் கடைக்குப் போகவேண்டிய காரை வாங்கி, வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விற்றுவிட வேண்டும். சாம்பியன் இங்கிலாந்தின் அவுண்டில் பள்ளியில் மாணவர்களுக்குக் கார் கட்டச் சொல்லிக்கொடுத்தவர். அந்த வாத்தியார் தோரணை பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. பயமுறுத்துவதில்லை. 'இதென்ன பெரிய விஷயம், வா, செய்யலாம்' என்று தோளில் கைபோடுகிறார். தொழில்நுட்பப் புத்தகங்களில் இது அபூர்வம்.

இப்போது அந்த 250-க்கு வருவோம்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். சுண்டைக்காய்தான் எஸ்கார்ட். சுமைகூலி? டயர், பிரேக் பாகங்கள், ஷாக் அப்சார்பர், விளக்கு, வயரிங், பெயின்ட். முன்மூக்கும் மட்கார்டும் பெரும்பாலோர் ஃபைபர் கிளாஸில் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார்கள். வெல்டிங் மெஷின் உங்களிடம் இருக்கிறதா? டிரில்? மழையில் நனையாமல் கார் நிற்க ஒரு ஷெட்? இதெல்லாம் ஏற்கெனவே இருப்பவருக்கு, அதுவும் காயலான் கடைக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவருக்கு, 250 பவுண்டு சாத்தியமாக இருந்திருக்கலாம். ஒன்றும் இல்லாதவர் அந்த எண்ணை நம்பி இறங்கினால் பாதியில் நிற்பார். மலிவு விலை யாருக்கு மிகவும் தேவையோ அவருக்குத்தான் அது கிடைக்காது. இதுதான் இந்தப் புத்தகத்தின்மேல் என் முதல் புகார். இது இங்கிலாந்துக்கு மட்டும் உரிய விஷயம் இல்லை. 'குறைந்த செலவில் நீங்களே செய்யலாம்' என்று வருகிற எல்லாவற்றிலும் இந்த ஓட்டை இருக்கும், பாருங்கள்.

அப்புறம் நேரம். 400 மணி நேர வேலை என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை நாலு, ஞாயிற்றுக்கிழமை நாலு என்றால் 50 வாரம், கிட்டத்தட்ட ஒரு வருடம். பிரிட்டனில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1999-இல் வந்தபோது மணிக்கு 3 பவுண்டு 60 பென்ஸ். அந்தக் கணக்கில் பார்த்தால்கூட உங்கள் உழைப்பு 1,440 பவுண்டு. பொழுதுபோக்குக்குக் கூலி போடுவானேன் என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் அது சந்தோஷமாகச் செய்த நேரமா, பட்ஜெட் இடிக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு செய்த நேரமா என்பதைப் பொறுத்தது.

இரண்டாவது புகார் இன்னும் முக்கியமானது. வெல்டிங். மேலே பார்த்தால் மீன் செதில் மாதிரி அழகாக இருக்கும். உள்ளே இரும்பு சரியாக உருகிச் சேர்ந்திருக்காது. ஜன்னல் கம்பி என்றால் பரவாயில்லை. நீங்கள் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் மூட்டு அது. புதிதாகக் கற்கிறவர் துண்டுக் குழாய்களில் ஒட்டிப் பார்த்து, அறுத்துப் பார்த்து, சம்மட்டியால் அடித்துப் பார்த்துத் தேறிய பிறகுதான் சாஸியைத் தொட வேண்டும். பிரேக்கும் ஸ்டியரிங்கும் அப்படித்தான், அனுபவசாலி ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். தோளில் கைபோடும் வாத்தியார் இந்த இடத்தில் மட்டும் பிரம்பை எடுத்திருக்கலாம்.

சில்லறைக் குறைகளும் உண்டு. அளவுகளில் பிழைகள் இருந்து, கட்டியவர்களே திருத்தப் பட்டியல் தயாரித்தார்கள். புத்தக அளவில் கட்டினால் ஆஜானுபாகுவான ஆசாமிகள் உள்ளே நுழையவே முடியாது. பின்னால் வந்தவர்கள் 4 அங்குலம் அகலம் கூட்டி வேறு வரைபடம் போட்டார்கள்.

காலமும் அந்த எண்ணை விட்டுவைக்கவில்லை. அன்று காயலான் கடைக்குப் போன எஸ்கார்ட் இன்று புராதனச் சின்னம். நல்ல நிலையில் உள்ளதற்குப் பத்தாயிரம் பவுண்டுக்கு மேல் கேட்கிறார்கள். இதில் அரசாங்கப் பரிசோதனை வேறு. 2009-இலிருந்து ஐ.வி.ஏ. என்று ஒன்று. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆணித்தலையின் விளிம்பு மழுங்கலாக இருக்கிறதா என்பதுவரை பார்க்கிறார்கள், பாதசாரி யாரையும் கிழித்துவிடக் கூடாது என்று. அதற்குக் கட்டணம் மட்டும் 450 பவுண்டு. புத்தகத்துக் கார் 250, அதைப் பார்வையிட 450!

ஹேன்ஸே இதை உணர்ந்திருக்க வேண்டும். 2007-இல் கிறிஸ் கிப்ஸ் எழுதிய அடுத்த புத்தகத்தில் ஃபோர்டு சியராவை வைத்துக் கட்டச் சொல்கிறார்கள். தலைப்பில் 'ஆன் எ பட்ஜெட்' என்று மட்டும் இருக்கிறது. பதினோரு வருடத்தில் 250 என்ற எண் 'பட்ஜெட்' என்ற பொதுச் சொல்லாகிவிட்டது. அதற்கு முன்பே, 2005-இல், கீத் டானர் மாஸ்டா மியாட்டாவை வைத்து எழுதிய புத்தகத்திலும் வெறும் 'சீப்'தான், எண் இல்லை. இருவருமே சாம்பியனைவிட நாணயமாகத் தலைப்பு வைத்தவர்கள். ஆனால் அந்தப் புத்தகம் போட்ட பாதை இல்லாவிட்டால் இந்தப் புத்தகங்கள் வந்திருக்குமா, சந்தேகம்தான்.

நம்ம ஊரில்? இப்படி ஒரு காரைக் கட்டி நம்பர் பிளேட் வாங்குவது குதிரைக்கொம்பு. கம்பெனி செய்த வடிவத்தை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் ரேஸ் மைதானத்துக்குள் நம்மவர் ஒருவர் இதைச் செய்து காட்டினார். கோவை கரிவரதன். 1980-களின் இறுதியில் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார்களை உருவாக்கினார். நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை அந்த ஃபார்முலா மாருதியில்தான் ஓட்டினார். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிபாளையத்தில் உள்ள பந்தய மைதானம் அவர் பெயரைச் சொல்கிறது. பையன்களுக்கு ரேஸ் எட்டும் விலைக்கு வந்தது. ஆனால் அவர் மில் குடும்பத்துக்காரர், பணமும் பட்டறையும் இருந்தவர். எங்கே ஒரு பொருள் மலிவாகக் கிடைத்தாலும் அதற்கு முன்னால் யாரோ செலவழித்திருக்கிறார் என்பதற்கு இதுவும் சாட்சி.

சரி, பொய்யை மன்னிக்கலாமா? 'சுமார் 3,000 பவுண்டும் ஒரு வருட ஞாயிற்றுக்கிழமைகளும் ஆகும்' என்று உண்மையை அட்டையில் போட்டிருந்தால் பல பேர் குழாயை அறுக்கவே ஆரம்பித்திருக்க மாட்டார்கள். முடித்தவர்களில் யாரும் செலவு கூடிப்போனதற்காக காரைத் திருப்பிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. ஆனால் முடிக்காதவர்கள் புத்தகம் எழுதுவதில்லையே. பாதி சாஸியைத் தார்ப்பாயால் மூடிவைத்துவிட்டு, தப்பு தன்மேல்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பவர் ஒருவர் இருந்தாலும், அந்த அட்டை அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. அதனால் அரை மன்னிப்புதான்.

புத்தகம் எங்காவது கண்ணில் பட்டால் விடாதீர்கள். கார் கட்டாவிட்டாலும், உங்கள் கார் எப்படி நிற்கிறது, எப்படித் திரும்புகிறது என்பதாவது புரியும். கட்டுவதாக இருந்தால், முதல் வேலையாக அட்டையில் இருக்கும் எண்ணைப் பேனாவால் அடியுங்கள். ஒரு நோட்டு வாங்கி மூன்று பத்தி போடுங்கள். கொடுத்த காசு, செலவான மணி, கடன் வாங்கிய சாமான். மூன்றையும் மறைக்காமல் எழுதுங்கள். நோட்டு வாங்கிய காசு முதல் வரியில் வரட்டும்.