பின்னால் நிற்பவன் முன்னால் போனால்

ஒரு ஆள் தரைக்கு இணையாகக் காற்றில் பறந்துகொண்டிருக்கிறான். இரண்டு கைகளும் விரிந்திருக்கின்றன, வாய் திறந்திருக்கிறது. பக்கத்தில் கோலி, பின்னால் அவனைத் தடுக்கி விட்ட எதிரணிக்காரன். 1970 மே 10 அன்று பாஸ்டனில் ரே லூசியர் எடுத்த இந்தப் படத்தை, ஐஸ் ஹாக்கி பார்க்காதவர்கள்கூட எங்காவது பார்த்திருக்கலாம். பறப்பவர் பாபி ஓர். கூடுதல் நேரம் தொடங்கி 40 விநாடிகளில் அவர் அடித்த கோலால் பாஸ்டன் ப்ரூயின்ஸ் அணி 29 ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்டான்லி கோப்பையை வென்றது.

முதல்முறை பார்த்தபோது எனக்கும் அந்தப் பறத்தல்தான் கண்ணில் பட்டது. ஆட்டம் கொஞ்சம் புரிந்த பிறகு வேறொரு கேள்வி வந்தது. பாபி ஒரு டிஃபென்ஸ்மேன். வீட்டைக் காக்க வேண்டிய ஆள். அவருக்கு எதிரணி கோலின் வாசலில் என்ன வேலை?

காணொளியைப் பார்த்தால் விஷயம் இன்னும் மோசம். செயின்ட் லூயிஸ் அணி பக்கை ஓரச்சுவர் வழியாக வெளியே தள்ளப் பார்க்கிறது. பாபி பின்வாங்கியிருக்க வேண்டும். அவர் முன்னால் பாய்ந்து அதை மறிக்கிறார். ஹாக்கிக்காரர்கள் இதை 'பின்ச்' என்பார்கள். பக் அவரைத் தாண்டிப் போயிருந்தால் எதிரணிக்கு எதிர்த்தாக்குதல் வாய்ப்பு திறந்திருக்கும். தாண்டவில்லை. பாபி அதை டெரிக் சாண்டர்சனிடம் தள்ளிவிட்டுக் கோலை நோக்கிப் போனார், சாண்டர்சன் திருப்பிக் கொடுத்தார். மிச்சத்தைப் படம் சொல்கிறது.

பக் தாண்டியிருந்தால் இந்தப் படமே இருந்திருக்காது. 'பொறுப்பில்லாத டிஃபென்ஸ்மேன்' என்று மறுநாள் நாலு பத்தி வந்திருக்கும். இந்த வகை ஆட்டக்காரர்களைப் பற்றிய விமர்சனம் எல்லாமே இந்த ஒரு அங்குலத்தில்தான் நிற்கிறது. அது சரியான இடமா என்பதே என் கேள்வி.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 200 அடி நீளம், 85 அடி அகலம் கொண்ட பனித்தளம். ஒரு அணியில் கோலி போக ஐந்து பேர்: மூன்று ஃபார்வர்ட், இரண்டு டிஃபென்ஸ்மேன். டிஃபென்ஸ்மேன்கள் ஜோடியாகவே இறங்குவார்கள், ஜோடியாகவே மாறுவார்கள். பழைய பாடம் எளிமையானது. உன் கோலுக்கும் எதிராளிக்கும் நடுவில் நில், இடி, பக்கை எப்படியாவது வெளியே தள்ளு, மிச்சத்தை ஃபார்வர்ட் பார்த்துக்கொள்வான். தாக்கி ஆடும் டிஃபென்ஸ்மேன் இந்தப் பாடத்தின் கடைசி வரியை மட்டும் ஏற்பதில்லை. பக்கைத் தள்ள மாட்டான், தானே எடுத்துக்கொண்டு போவான்.

இதனால் அணிக்கு என்ன கிடைக்கிறது? உடனே வரும் பதில், கோல். பால் காஃபி 1985–86இல் எட்மன்டனுக்காக 48 கோல் அடித்தார். ஒரு டிஃபென்ஸ்மேன் ஒரே சீசனில் அடித்ததில் அதுதான் உச்சம். ஆனால் என்னைக் கேட்டால் கோல் கடைசியில் வரும் விஷயம். அதற்கு முன்னால் மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, வெளியேறுதல். ஒரு அணி தன் கோலுக்கு முன்னால் மாட்டிக்கொண்டு மூச்சு முட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பக்கைக் கண்ணாடிச் சுவரில் அடித்து வெளியே அனுப்புவார்கள். எதிரணி அதை எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே வரும். அடைமழையில் வாளி வைத்துத் தண்ணீர் இறைக்கிற மாதிரி. அங்கே ஒருவன் பக்கை வாங்கி, ஒரு தோள் அசைவில் முதல் ஆளை ஏமாற்றி, நடுக்களத்தில் ஓடுகிறவனின் மட்டையில் நேராக வைத்தால் முற்றுகை முடிந்தது. ஸ்கோர் அட்டையில் இதற்கு எண் கிடையாது. ஆனால் இதுதான் தற்காப்பு. பக் நம்மிடம் இருக்கும்வரை எதிரணியால் கோல் அடிக்க முடியாது என்பதைவிட எளிய தற்காப்புக் கோட்பாடு எது?

இரண்டாவது, கணக்கைக் குழப்புவது. மூன்று ஃபார்வர்ட் வருவார்கள், ஆளுக்கு ஒருவனைப் பிடி என்றுதான் தடுக்கிற அணி திட்டமிடும். நாலாவதாக ஒருவன் பின்னாலிருந்து முழு வேகத்தில் வந்தால் அவனை யார் பிடிப்பது? யாராவது தன் ஆளை விட்டு விலகித்தான் ஆக வேண்டும். விலகியதும் அங்கே ஒரு ஓட்டை. அவன் பக்கைத் தொடவே வேண்டாம், வந்தாலே போதும்.

மூன்றாவது, பயம். எதிரணி ஃபார்வர்டுகள் அவனுக்காகக் கொஞ்சம் பின்னாலேயே நிற்கத் தொடங்குவார்கள். எதிரணியின் தாக்குதல் அங்கேயே பாதி குறைந்துவிடும்.

'எல்லாம் சரி, வேலியே பயிரை மேய்ந்தால்?' என்பது பழைய ஆட்சேபம். பாபியிடம் அதற்குப் பதில் இருந்தது. 1969–70இல் 120 புள்ளிகளுடன், மொத்த லீக்கிலும் அதிகப் புள்ளி எடுத்த முதல் டிஃபென்ஸ்மேன் ஆனார். அடுத்த சீசனில் 139 புள்ளிகள், ப்ளஸ்-மைனஸ் +124. ஒருவர் களத்தில் இருக்கும்போது தன் அணி அடித்த கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்தால் வருவது ப்ளஸ்-மைனஸ் (பவர் ப்ளே கோல்கள் சேராது). அந்த +124ஐ இன்றுவரை யாரும் தொட்டதில்லை. வேலி பயிரை மேயவில்லை, வயலையே அகலப்படுத்தியது. பலமான அணியில் ஆடியதும் அந்த எண்ணில் கலந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் அதே அணியில் ஆடிய மற்றவர்களுக்கு அந்த எண் வரவில்லையே. முழங்கால் மட்டும் ஒத்துழைத்திருந்தால்! 657 ஆட்டங்களோடு, 30 வயதில் முடிந்துபோனது.

பாபியை வைத்து வாதாடுவது சுலபம், அவர் விதிவிலக்கு. சிக்கலான வழக்கு எரிக் கார்ல்சன்.

2015–16இல் கார்ல்சன் ஒட்டாவா செனட்டர்ஸ் அணிக்காக 82 ஆட்டங்களில் 82 புள்ளிகள் எடுத்தார். 66 அசிஸ்ட், லீக்கிலேயே அதிகம். ஒவ்வொரு ஆட்டத்திலும் கிட்டத்தட்ட 29 நிமிடம், அதாவது 60 நிமிட ஆட்டத்தில் பாதி, களத்தில் இருந்தார். சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நோரிஸ் கோப்பை 51 புள்ளிகள் எடுத்த ட்ரூ டௌட்டிக்குப் போனது. டௌட்டி உண்மையிலேயே பெரிய ஆட்டக்காரர், அதில் சந்தேகமில்லை. எனக்கு உறுத்தியது அன்று சொல்லப்பட்ட காரணம். டௌட்டி 'முழுமையான' டிஃபென்ஸ்மேன், கார்ல்சன் 'நாலாவது ஃபார்வர்ட்' என்றார்கள்.

இந்த 'முழுமை' என்ற சொல்லைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். பின்னால் நின்று தடுப்பவன் தாக்காமல் விட்டதை யாரும் பிழை என்று எழுதுவதில்லை. முன்னால் போனவன் திரும்பி வரத் தாமதமானால் அது ஆயிரம் முறை மறுஒளிபரப்பாகிறது. செய்த தப்பு கண்ணுக்குத் தெரியும். செய்யாமல் விட்டது தெரியாது. இந்தப் பார்வைக் கோளாறுக்கு நாம் வைத்திருக்கும் மரியாதையான பெயர்தான் 'பொறுப்பு'.

கனடா வாடிக்கையாளர் ஒருவருக்காக ராத்திரி ஷிஃப்டில் வேலை பார்த்த நாட்கள் அவை. அந்தப் பக்கம் இருந்த ஒரு ஒட்டாவா ரசிகரால்தான் எனக்கு இந்தப் பித்து தொற்றியது. நோரிஸ் முடிவு வந்தபோது நான் முழுக்கக் கார்ல்சன் கட்சி. இப்போதும் அந்தக் கட்சிதான். ஆனால் என் வாதத்தில் ஒரு ஓட்டை இருந்தது தெரிய இன்னும் இரண்டு வருஷம் ஆனது.

2017 ப்ளேஆஃப், பாஸ்டனுக்கு எதிரான மூன்றாவது ஆட்டம். கார்ல்சன் தன் பகுதியிலிருந்து பக்கை ஆகாயத்தில் தூக்கி விடுகிறார். அது எல்லார் தலைக்கும் மேலே பறந்து, தடுப்பைக் கடந்துவிட்ட மைக் ஹாஃப்மனுக்கு முன்னால் இறங்குகிறது. கோல். நடுக்களம் என்ற ஒன்றையே அழித்த பாஸ் அது. அந்தக் கோடையில் கார்ல்சன் குதிகாலில் எலும்பு விரிசலோடு ஆடி, அணியை அரையிறுதியின் ஏழாவது ஆட்டத்தில் இரண்டாம் கூடுதல் நேரம்வரை கொண்டுபோனார்.

அவருடைய ஜோடி மார்க் மெத்தோ. கோல் பட்டியலில் பெயரைத் தேட வேண்டிய ஆள். கார்ல்சன் இடதா வலதா எங்கே பறந்தாலும் மெத்தோ அதற்கேற்ப நகர்ந்து நடுவை அடைப்பார். அதே 2017 கோடையில் லீக்கில் புதிதாகச் சேர்ந்த வேகஸ் அணி, விரிவாக்கத் தேர்வில் மெத்தோவை எடுத்துக்கொண்டது. அடுத்த சீசனில் கார்ல்சனின் ப்ளஸ்-மைனஸ் −25. ஒட்டாவா லீக்கில் கடைசிக்கு முந்தைய இடம். கணுக்கால் அறுவை சிகிச்சை, குலைந்துபோன அணி என்று வேறு காரணங்களும் உண்டு, எல்லாவற்றையும் மெத்தோ தலையில் கட்ட முடியாது. ஆனால் எனக்கு ஒன்று உறைத்தது. கார்ல்சனின் துணிச்சல் கார்ல்சனுடையது மட்டுமல்ல. அதில் பாதியை அவர் பக்கத்தில் நின்றவரிடமிருந்து கடன் வாங்கியிருந்தார்.

2022–23இல் சான் ஹோசே அணிக்காக கார்ல்சன் 101 புள்ளிகள் எடுத்தார். 1991–92இல் 102 எடுத்த ப்ரையன் லீட்ச்சுக்குப் பிறகு எந்த டிஃபென்ஸ்மேனும் தொடாத நூறு. நோரிஸும் கிடைத்தது. கூடவே ப்ளஸ்-மைனஸ் −26. எள்ளலுக்குத் தீனி. தோற்கிற அணி கடைசி நிமிடங்களில் கோலியை எடுத்துவிட்டுத் தன் சிறந்த தாக்குதல்காரர்களை இறக்கும். அப்போது காலிக் கோலில் விழுகிற கோலும் அவர்கள் கணக்கில்தான் ஏறும் என்பதை எள்ளியவர்களில் எத்தனை பேர் யோசித்தார்கள்? இருந்தாலும் அந்த எண் முழுப் பொய் இல்லை. முன்னால் போக ஆள் இருந்தது, பின்னால் நிற்க ஆள் இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கம் கேல் மக்கார். 2021–22இல் கொலராடோவுக்காக 28 கோல், ப்ளஸ்-மைனஸ் +48. நோரிஸ், ஸ்டான்லி கோப்பை, ப்ளேஆஃபின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் கோப்பை. மக்கார் நீலக்கோட்டில் நின்று இடமும் வலமும் சறுக்கும்போது தடுக்கிறவன் தன் காலே தன் பேச்சைக் கேட்காமல் திணறுவான். பார்க்கப் பேரழகு. அடுத்தமுறை பார்க்கும்போது ஒரே ஒரு தாக்குதலுக்காவது மக்காரை விட்டுவிட்டு அவருடைய ஜோடி டெவன் டேவ்ஸைப் பாருங்கள். மக்கார் இறங்கும் அதே கணத்தில் டேவ்ஸ் நடுப்பக்கம் நகர்ந்திருப்பார். யாரும் சொல்லி நகர்வதில்லை.

இதை நான் ஹாக்கியில் மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. என் டீமில் ஒரு சீனியர் இருந்தார். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். நான் புதுசு புதுசாக எழுதித் தள்ளுவேன், டெமோவில் கைதட்டல் வாங்குவேன். அவர் ராத்திரி உட்கார்ந்து லாக் பார்ப்பார். நான் விட்ட ஓட்டையை அடைத்துவிட்டுக் காலையில் 'ஒண்ணு சரி பண்ணிட்டேன்பா' என்பதோடு முடித்துக்கொள்வார். அவர் வேறு டீமுக்கு மாற்றலான மூன்று மாதத்தில் என் வேலையில் பிழைகள் பெருகின. 'முன்ன மாதிரி கவனம் இல்ல' என்று அப்ரைசலில் எழுதினார்கள். எனக்குக் கோபம் வந்தது. முன்பும் என் கவனம் இவ்வளவுதான். பாதி அவருடையது. ஆனால் கைதட்டல் வந்த நாட்களில் இதை எங்கேயாவது வாய்திறந்து சொன்னேனா? இல்லை. அது இன்னும் உறுத்துகிறது.

அதற்காக முன்னால் போவதைக் கைவிட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். எல்லாரும் பின்னால் நின்றால் வாளியில் தண்ணீர் இறைத்துக்கொண்டே காலம் போய்விடும். தாக்கி ஆடும் டிஃபென்ஸ்மேன் அணிக்குக் கொடுப்பது அந்த முற்றுகையிலிருந்து விடுதலை. அதற்கு விலை உண்டு. விலையைப் பக்கத்தில் இருப்பவன் கட்டுகிறான். அவனைக் கணக்கில் சேர்க்காத பாராட்டும் பிழை, திட்டும் பிழை.

பாபி ஓரின் அந்தப் படத்தை இப்போது பார்த்தால் என் கண் சட்டகத்துக்கு வெளியே போகிறது. பாபி ஓரச்சுவரில் பந்தயம் கட்டிய அந்த நொடியில் பாஸ்டனின் இன்னொரு டிஃபென்ஸ்மேன் எங்கே நின்றிருப்பார்? படத்தில் அது இல்லை.